லேண்ட்ரேஞ்சர் 42: பென் ஆல்டருக்கு இந்த ஒரு தாள் போதுமா?

அவசரக்காரர்கள் முதல் பத்தியோடு கிளம்பிவிடலாம். பிரிட்டன் அரசின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ரோஸ் அட்டை 1:50,000 வரைபடம், லேண்ட்ரேஞ்சர் 42, ‘க்ளென் கேரி – லோக் ரானக்’. 5-க்கு 4 கொடுக்கிறேன். ஸ்காட்லாந்து ஹைலேண்ட்ஸில் பென் ஆல்டர் மலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கடைக்காரர் “மலைக்கா? அப்போ ஆரஞ்சு அட்டைதான்” என்று 1:25,000 எக்ஸ்ப்ளோரரை எடுத்து நீட்டுவார். அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் போடிநாயக்கனூர்க்காரன். சிவில் டிப்ளமா முடித்துவிட்டு ஊரில் கொஞ்ச காலம் லெவல் எடுத்தேன். இப்போது இன்வெர்னஸ் பக்கம் கட்டுமானத் தளங்களில் டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவைக் கருவியைப் பிடிக்கிறேன். மனைவிக்கு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. அவளுடைய விசாவில்தான் இங்கே வந்து சேர்ந்தேன். தொழிலே அளப்பது என்பதால், எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் இதை வரைந்தவன் எதைப் போட்டிருக்கிறான், எதை விட்டிருக்கிறான் என்றுதான் முதலில் கண் போகும். ஊரில் எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் (நில அளவைப் புத்தகத்தின் புல வரைபடம்) பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

ஆனால் மலை வரைபடத்துக்கு நான் வைக்கிற தேர்வு என்னுடையதல்ல, வீட்டில் போட்டது. பென் ஆல்டர் என்று பேச்செடுத்ததுமே அவள் சொன்னாள்: “மலை பேரெல்லாம் எனக்கு வேணாம். எத்தனை மணிக்குத் திரும்புவீங்க, எத்தனை மணிக்கு மேல நான் போலீசுக்கு அடிக்கணும், அத மட்டும் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டுப் போங்க.” இங்கே மலையில் காணாமல் போனால் 999 அடித்து முதலில் போலீஸைக் கேட்க வேண்டும், அவர்கள் மலை மீட்புக் குழுவைக் கூப்பிடுவார்கள். அந்தக் குழுவில் இருப்பவர்கள் தன்னார்வலர்கள்; காசு வாங்குவதில்லை. அதனாலேயே அவர்களை வீணாக அலைய விடக்கூடாது. ஆக, அந்த இரண்டு நேரங்களையும் ஒரு தாளிலிருந்து எடுக்க முடிகிறதா என்பதுதான் இந்த மதிப்புரை.

பென் ஆல்டர் 1148 மீட்டர். உயரத்தை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை, குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் ஏறியவர்கள் சிரிப்பார்கள். இந்த மலையின் சங்கதி வேறு. டல்வினி ஊரில் தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து மலையடிவாரமே சுமார் 15 கிலோமீட்டர். லோக் எரிக்ட் ஏரியின் வடமேற்குக் கரையோடு எஸ்டேட் ஜீப் பாதை போகிறது. பென் ஆல்டர் லாட்ஜ் தாண்டிக் கொஞ்சம் ஏறி, லோக் பாட்டக் ஏரிக்குப் போய், அங்கிருந்து கல்ரா என்ற பழைய மலைக்குடில் வரை நடைபாதை. அதற்கப்புறம்தான் மலை ஆரம்பிக்கிறது. பக்கத்திலேயே 1019 மீட்டரில் பெயின் வியோல் என்று இன்னொரு மன்ரோ. வந்ததற்கு இரண்டையும் சேர்த்து முடிப்பதுதான் வழக்கம். (மன்ரோ என்றால் 3000 அடிக்கு மேலே உள்ள ஸ்காட்லாந்து மலை. 1891-ல் ஹியூ மன்ரோ போட்ட பட்டியல். இப்போது கணக்கில் 282. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஏறி முடிக்கிற ‘பேகிங்’ என்று ஒரு பைத்தியம் இருக்கிறது, பிடித்தால் விடாது.)

மலை சின்னது, மலைக்குப் போகிற வழி பெரியது. இங்கேதான் 1:50,000 ஜெயிக்கிறது.

எக்ஸ்ப்ளோரரின் பெருமை வயல் வேலிகளும் கல்சுவர்களும். இங்கிலாந்தில் அது உயிர். எந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் போவது, அந்தப் பக்கம் போவது என்பதே அங்கே வழி. பென் ஆல்டர் பக்கம் சுவருமில்லை, வயலுமில்லை. வெறும் புதர்க்காட்டையும் சதுப்பையும் இரண்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டி என்ன பயன்? பாறை வருகிற இடத்தில் எக்ஸ்ப்ளோரர் இன்னும் மோசம். பென் ஆல்டருக்கு ஏறுகிற லாங் லியாக்கஸ் என்ற பாறை முகட்டிலும், மலையின் கிழக்கு முகத்தில் குடைந்த பெரிய குழிகளின் விளிம்பிலும் பாறைக் குறிகளை அடர்த்தியாகப் போட்டுச் சமஉயரக் கோடுகளை மூழ்கடித்துவிடுகிறார்கள். 1:50,000-ல் கோடுகள் தெளிவாக நிற்கின்றன. முகடு எங்கே, சரிவு எங்கே என்று கண் உடனே பிடிக்கிறது. இடைவெளி இரண்டிலும் 10 மீட்டர்தான்.

கோடு என்றதும் ஒரு விஷயம். இந்தத் தாளின் தெற்கு ஓரத்துக்குப் பக்கத்தில் ஷீஹாலியன் என்று ஒரு மலை, 1083 மீட்டர், நல்ல கூம்பு. 1774-ல் நெவில் மாஸ்கலின் அந்த மலைக்குப் பக்கத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மலையின் ஈர்ப்பு அதை எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தார். அதை வைத்துப் பூமியின் அடர்த்தியைக் கணக்குப் போடுவது திட்டம். அதற்கு மலையின் கன அளவு வேண்டும். கணக்குப் போட்ட சார்லஸ் ஹட்டன், சர்வேயர்கள் எடுத்துத் தந்த ஏராளமான உயரப் புள்ளிகளில் சம உயரமானவற்றைக் கோட்டால் இணைத்தார். இன்றைக்கு நாம் போடுகிற கோண்டூர் அதுதான். தூக்குக்குண்டு பிடித்துப் பழகிய எனக்கு, ஒரே தாளில் அந்த மலையும் இருப்பது தனிச் சந்தோஷம். மதிப்பெண்ணில் இதைச் சேர்க்கவில்லை.

இனி நேரம். நான் நூலை வைத்து அளக்கிற ஆள். தையல் நூலைப் பாதையின் வளைவுகளோடு ஒட்டி வைத்து, நிமிர்த்து, ஸ்கேலில் பார்ப்பது. இந்தத் தாளில் 2 செ.மீ. ஒரு கிலோமீட்டர். 1:25,000-ல் 4 செ.மீ. ஆகிவிடும், நூல் மேசையை விட்டுப் போகும். டல்வினியிலிருந்து கல்ரா சுமார் 15 கி.மீ. கல்ராவிலிருந்து லாங் லியாக்கஸ் வழியாக உச்சி, அங்கிருந்து விளிம்போடு தெற்கே பியலக் பிரெபாக் கணவாய், பிறகு பெயின் வியோல், மறுபடி கல்ரா: இன்னொரு 15 சொச்சம். திரும்பி டல்வினிக்கு 15. மொத்தம் 45 கி.மீ.க்கு மேல். ஏற்றம் எல்லாம் சேர்த்து 1100 மீட்டர் பக்கம்.

இதற்கு இங்கே ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. வில்லியம் நைஸ்மித் 1892-ல் சொன்னது: மூன்று மைலுக்கு ஒரு மணி, ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்துக்கும் கூட ஒரு மணி. நம் அளவில் 5 கி.மீ.க்கு ஒரு மணி, 300 மீட்டர் ஏற்றத்துக்கு அரை மணி. மலைச்சுற்று மட்டும் 15 கி.மீ. என்றால் மூன்று மணி, அதில் 900 மீட்டர் ஏற்றத்துக்கு ஒன்றரை, நாலரை. நைஸ்மித் எங்கேயும் உட்கார மாட்டார், சாப்பிட மாட்டார், பாறையைக் கையால் பிடிக்க மாட்டார், சதுப்பில் முழங்கால்வரை போய்ப் பூட்ஸைத் தேட மாட்டார். நான் பாதியைக் கூட்டிக்கொள்வேன். ஆக ஏழு மணி. முப்பது கிலோமீட்டர் வழியை நடந்தால் இன்னொரு ஆறேழு மணி. சைக்கிளில் என்றால் போகவர மூன்று. நடையில் பதினாலு, சைக்கிளில் பத்து. ஜூலையில் இங்கே இரவு 10 மணிவரை வெளிச்சம் இருக்கும் என்பதால் இரண்டுமே சாத்தியம். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே இருட்டிவிடும். அப்போது ஒரு நாளில் இந்த மலை என்ற பேச்சே வேண்டாம்.

எனக்குச் சைக்கிள்தான். ஸ்காட்லாந்தில் 2003-ம் ஆண்டு நிலச் சட்டப்படி, பொறுப்பாக நடந்துகொண்டால் பெரும்பாலான தனியார் நிலத்தில் நடக்கலாம், சைக்கிளும் ஓட்டலாம். மோட்டார் வண்டி கூடாது. அனுமதிச் சீட்டில்லை, வழிகாட்டியைக் கூட்டிப்போகும் கட்டாயமில்லை. 2018 குரங்கணித் தீக்குப் பிறகு எங்கள் ஊர் மலையில் வனத்துறையின் அனுமதி இல்லாமல் கால் வைக்க யோசிக்கிற எனக்கு, இது இன்னும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. கேட்க ஆளில்லை என்றால் யோசிக்க வேண்டியதும் நாம்தான்.

இந்தத் தாளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு நீலக் கோடு. கல்ராவுக்குப் பக்கத்தில் பெரிய ஓடைக்கு நடைபாலம் இருக்கிறது, தாளிலும் இருக்கிறது. அதைத் தாண்டினால் பாதை தென்மேற்கே, பியலக் பெய்ஹே ஏரியிலிருந்து இறங்கி வருகிற சின்ன ஓடையைப் பிடித்து ஏறும். கவனியுங்கள்: பாதை அந்த ஓடையின் கிழக்குக் கரையில் போகிறது. லாங் லியாக்கஸ் இருப்பது மேற்கே. அங்கே பாலக்குறி எதுவும் இல்லை. அதாவது எங்கோ ஓரிடத்தில் தண்ணீரில் இறங்கித்தான் கடக்க வேண்டும். வெயில் காலத்தில் கல்லுக்குக் கல் தாவிவிடலாம். முந்தின நாள் இரவெல்லாம் மழை என்றால் இந்த ஊர் ஓடைகள் மணிக்கணக்கில் பொங்கும், மணிக்கணக்கில் வடியும்.

என் திட்டத்தின் முதுகெலும்பே இந்தக் கோடுதான். ஓடை பொங்கினால் பென் ஆல்டரை விட்டுவிட வேண்டியது; கடக்காமலேயே கிழக்குப் பக்கம் இருக்கிற பெயின் வியோல் மட்டும் ஏறி இறங்க வேண்டியது. உச்சியில் நிற்கும்போது வானிலை கெட்டால் பியலக் பிரெபாக் கணவாய்வரை வந்து, பெயின் வியோலை விட்டு, பியலக் பெய்ஹே ஏரியின் கிழக்குக் கரைப் பாதையில் கல்ராவுக்கு இறங்கிவிடலாம். அந்தப் பாதையும் தாளில் புள்ளிக்கோடாகத் தெளிவாக இருக்கிறது. முடிவெடுக்க வேண்டிய இடங்கள் இரண்டு, அங்கே நான் இருக்க வேண்டிய நேரங்கள் இரண்டு. காலை 6 மணிக்கு டல்வினி, 9 மணிக்குள் அந்த ஓடை, மதியம் 2 மணிக்குள் கணவாய். 2 மணிக்குக் கணவாய்க்கு வரவில்லை என்றால் இரண்டாவது மலை கிடையாது. ஃப்ரிட்ஜில் ஒட்டியது: “திரும்புவது 5. டயர் பஞ்சர், கால் சுளுக்கு எல்லாம் சேர்த்து 9. 9 தாண்டினால் போலீஸ்.” கூடவே மாற்று வழியும். ஒரு அட்டைத் தாளிலிருந்து இவ்வளவு வந்தது என்றால் நாலு நட்சத்திரம் குறைச்சலா?

அந்த ஒரு நட்சத்திரத்தை எங்கே பிடித்தேன் என்றால், முதலில் ஓரத்தில். பென் ஆல்டர் இந்தத் தாளின் மேற்கு விளிம்பிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. வரைபடக் கட்டக் குறியீட்டில் உச்சி NN 496 718, அதாவது கிழக்கு-மேற்குக் கணக்கில் 49.6-வது கிலோமீட்டர்; தாள் தொடங்குவதே 45-ல். மேற்கே கோரூர் ரயில் நிலையத்திலிருந்து குறுக்கே நடந்து வர நினைப்பவர்களுக்கு 41-ம் தாளும் வேண்டும். டல்வினியில் தொடங்கி டல்வினியில் முடிப்பவர்களுக்கு முழு வழியும் ஒரே தாளில் அடங்கும்.

இரண்டாவது, உச்சி. பென் ஆல்டரின் மேல்பகுதி பெரிய சமதளம், பொட்டல். மூடுபனியில் அங்கே நின்றால் நாலு பக்கமும் ஒரே மாதிரி. கோடுகள் விலகி விலகி இருப்பதிலேயே அது தெரிந்துவிடும், தாளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கிழக்கு விளிம்பில் பனி எவ்வளவு காலம் தொங்கிக்கொண்டிருக்கும் என்பதைக் கோடு சொல்லாது. மே மாதத்தில்கூட அந்தக் குழிகளின் மேல் உறைபனி விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். அதன் மேல் கால் வைத்தால் கீழே ஒன்றும் இல்லை. விளிம்பைப் பிடித்துக்கொண்டே தெற்கே போ என்பதுதான் எல்லோரும் சொல்கிற வழி. பனி இருக்கும்போது அதையே காம்பஸ் கோணம் எடுத்துத் தள்ளி நடக்க வேண்டும். காம்பஸ் விஷயத்தில் இப்போது ஒரு வசதி: பழைய தாள்களில் காந்த வடக்குக்கும் (காம்பஸ் முள் காட்டுவது) கட்ட வடக்குக்கும் (வரைபடக் கட்டக்கோடு காட்டுவது) பல டிகிரி வித்தியாசம் போட்டிருப்பார்கள், கூட்டுவதா கழிப்பதா என்று மண்டை காயும். இன்றைக்கு இந்தப் பக்கத்தில் அது அநேகமாகப் பூஜ்யம். அப்படியே எடுத்து அப்படியே நடக்கலாம்.

மூன்றாவதுதான் முக்கியம்: காலத்தால் மாறுகிறவை. கல்ரா குடில் தாளில் கட்டடமாக இருக்கிறது. மழைக்கு ஒதுங்கலாம் என்று அதை நம்பிப் போகாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கண்டுபிடித்து அதை மூடிவிட்டார்கள். டல்வினியில் தண்டவாளத்தைக் கடக்கிற பழைய வழியை 2021-ல் ரயில்வே நிர்வாகம் பூட்டியது. தலைமுறை தலைமுறையாக நடந்த வழி என்று பெரிய தகராறு ஆனது. கிளம்புமுன் நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஆரம்பத்திலேயே சுற்ற வேண்டிவரும். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் 20 வரை மான் வேட்டைப் பருவம் உச்சத்தில் இருக்கும். எஸ்டேட்டின் அறிவிப்பைப் பார்த்து, எந்தச் சரிவில் ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வழியை மாற்றுவது மரியாதை. உங்களுக்கும் நல்லது.

வானிலைக்கு மலை வானிலைத் தகவல் சேவை என்று ஒன்று இருக்கிறது, எம்.டபிள்யூ.ஐ.எஸ். என்பார்கள், இலவசம். டி.வி.யில் சொல்கிற ‘சாரல் மழை’ மாதிரி இல்லை. உச்சியில் காற்று வேகம் எவ்வளவு, அந்தக் காற்றில் நடக்க முடியுமா, மன்ரோ உச்சிகள் மேகமில்லாமல் இருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு, உறைநிலை எந்த உயரத்தில் என்று எழுதியே கொடுப்பார்கள். தாளும் இதுவும் சேர்ந்தால்தான் திட்டம் முழுசாகும். நான் முந்தின நாள் சாயங்காலம் பார்ப்பேன், காற்று வேகம் மணிக்கு 40 மைலைத் தாண்டினால் அந்த மலை அந்த வாரம் இல்லை.

தாளின் தரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரணத் தாள் பதிப்பு மழையில் மடிப்போரம் கிழியும். உறை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பூசிய ‘ஆக்டிவ்’ பதிப்பு நனையாது, ஆனால் மடிக்க அடம்பிடிக்கும், பாக்கெட்டில் அடங்காது, கனமும் கூட. தாளோடு, சுரண்டிப் பார்க்கிற ரகசிய எண் ஒன்று வரும். அதைக் கொடுத்து அதே வரைபடத்தைக் கைப்பேசியிலும் இறக்கிக்கொள்ளலாம். வீட்டிலேயே இறக்கிவிடுங்கள், லோக் எரிக்ட் தாண்டினால் சிக்னலை நம்ப முடியாது. கைப்பேசியை நான் மலையில் ‘இப்போது எங்கே நிற்கிறேன்’ என்று கேட்க மட்டும் வைத்திருக்கிறேன். வழி போட அது சரிப்படாது. ஆறு அங்குலத் திரையில் 45 கிலோமீட்டரைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது சாவித் துவாரத்தில் கண் வைத்துக் கல்யாணம் பார்க்கிற மாதிரி. மணமகன் தெரிந்தால் மணமகள் தெரியாது.

போட்டியாக ஹார்வி நிறுவனத்தின் 1:40,000 மலை வரைபட வரிசையையும் சொல்ல வேண்டும். மெல்லிய, நனையாத பிளாஸ்டிக் தாள். பாறைப் பகுதிகளில் கோட்டின் நிறத்தையே சாம்பலாக்கிவிடுவார்கள், நல்ல யோசனை. ஆனால் கோடுகளின் இடைவெளி 15 மீட்டர். பத்தை எண்ணியே பழகிய எனக்கு ஒவ்வொரு தடவையும் மனக்கணக்கு இடிக்கிறது.

தரையில் எப்படி இருந்தது? ஜீப் பாதை தாளில் போட்டபடி; பாட்டக் ஏரி தாண்டிய நடைபாதை சைக்கிளுக்குக் கொஞ்சம் கரடுமுரடு. ஓடையைக் கணுக்கால் தண்ணீரில் கடந்தேன். லாங் லியாக்கஸ் பேரைக் கேட்டுப் பயந்தவர்கள் பயப்பட வேண்டாம். கை வைக்க வேண்டிய இடங்கள் கொஞ்சம், பிடி எல்லாம் உறுதி. உச்சியில் சர்வே தூண் நிற்கிறது. அதன் தலையில் பித்தளைத் தட்டைத் தடவிப் பார்க்காமல் வர எனக்கு மனசில்லை. பெயின் வியோலிலிருந்து வடக்கே இறங்குகிற கடைசிச் சரிவுதான் புதர், சதுப்பு, மிட்ஜ் கொசு என்று உயிரை வாங்கியது. டல்வினி வந்து சேர்ந்தபோது 5 ஆகி இருபது நிமிடம். வீட்டுக்கு மெசேஜ் போட்டேன், “லேட்டு” என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

குழந்தைகளோடு, அல்லது ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவோடு ஒரு மலை பார்க்க நினைப்பவர்கள் பென் ஆல்டரை விட்டுவிடுங்கள். இதே தாளில் ஷீஹாலியன் இருக்கிறது. பிரேஸ் ஆஃப் ஃபாஸ் கார் நிறுத்தத்திலிருந்து போய்வர சுமார் 10 கி.மீ., தோள்வரை நன்றாகக் கட்டிய பாதை, அதற்கு மேல் உச்சிவரை உருட்டுக்கற்கள். பெரியவர்களுக்கு முட்டி வலி என்றால் அந்தக் கற்கள் தொடங்குகிற இடத்திலேயே உட்கார்ந்து புளிசாதத்தைப் பிரித்துவிடலாம்.